வீட்டு உறவுமுறையை எழுதிவைப்பது எப்படி? ஐராவதி கார்வே வழியில், எல்லையோரத்துக்காரர்களுக்கு

ஐராவதி கார்வே என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 'முதல்' பட்டியல்தான். இந்தியாவின் முதல் பெண் மானுடவியலாளர், புனே தெருவில் ஸ்கூட்டர் ஓட்டிய முதல் பெண் என்று நீளும். எல்லாம் சரி, ஆனால் அதை முழுக்கப் படித்துவிட்டு, அந்த அம்மா நாள் முழுக்க என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. அவரைப் புரிந்துகொள்ள நல்ல வழி, அவர் செய்த வேலையில் ஒரு துண்டை நம் வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்ப்பது என்பது என் கருத்து. ஒரு நீளநோட்டு, ஒரு பேனா, பேச ஆசையுள்ள ஒரு பாட்டி இருந்தால் போதும். அதிலும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரளத்துக்குள் தமிழ் பேசிக்கொண்டு குடியிருக்கிற நமக்கு இது இன்னும் தோது. அவர் மாநிலம் மாநிலமாக அலைந்து பார்த்த வித்தியாசம் நமக்கு எதிர் வீட்டிலேயே இருக்கிறது.

ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

1905 டிசம்பர் 15 அன்று பர்மாவில் பிறந்தவர். அப்பா அங்கே பருத்திக் கம்பெனியில் வேலை பார்த்த மராட்டியர். அங்கே ஓடிய ஐராவதி ஆற்றின் பெயரையே பெண்ணுக்கு வைத்துவிட்டார்கள். சின்ன வயதிலேயே படிப்புக்காகப் புனேவுக்கு அனுப்பப்பட்டு, ஃபெர்குசன் கல்லூரி முதல்வராக இருந்த ஆர். பி. பராஞ்ச்பே வீட்டில் வீட்டுப் பெண்போல வளர்ந்தார். 1926இல் தத்துவத்தில் பி.ஏ., அப்புறம் பம்பாயில் ஜி. எஸ். குர்யேயிடம் சமூகவியல், 1928இல் எம்.ஏ. அந்த எம்.ஏ. ஆய்வு எதைப் பற்றி என்றால், அவர் பிறந்த சித்பாவன் பிராமணச் சாதியைப் பற்றியேதான். அதனால் சொந்த வீட்டிலிருந்து தொடங்குவது மட்டமான வேலை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கல்யாணம் செய்துகொண்டது தினகர் கார்வே என்ற வேதியியல் ஆசிரியரை. மாமனார் யார் என்றால் மகரிஷி தோண்டோ கேசவ் கார்வே. விதவை மறுமணத்துக்கும் பெண் கல்விக்கும் வாழ்நாளைக் கொடுத்தவர், 1916இல் பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் தொடங்கியவர், பிற்பாடு பாரத ரத்னா வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் சொந்த மருமகள் ஜெர்மனிக்குப் போய் மேல்படிப்பு படிக்கப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்றார்! ஊருக்கு உபதேசம் என்பது நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. கணவர் பக்கம் நின்றார், ஐராவதி கடன் வாங்கி 1928 கடைசியில் பெர்லினுக்குக் கிளம்பிவிட்டார்.

பெர்லினில் நடந்ததை நோட்டைத் திறப்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே அவருடைய வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர், இனங்களில் மேல் கீழ் உண்டு என்று நம்பிய ஆள், பின்னாளில் நாஜிகளின் இன அறிவியலுக்குப் பெரிய தூணாக இருந்தவர். மண்டையோடுகளின் இடது வலது பக்கங்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்று அளக்கும் வேலையை இவருக்குக் கொடுத்தார். ஐரோப்பியர் மண்டையோட்டில் அந்த ஏற்றத்தாழ்வு தனி விதமாக இருக்கும், அதை வைத்து அவர்கள் அறிவில் உசத்தி என்று காட்டலாம் என்பது எதிர்பார்ப்பு. இவர் அளந்தார், அப்படி ஒரு இன வித்தியாசம் இல்லை என்று வந்தது, இல்லை என்றே எழுதிக்கொடுத்தார். வேற்று நாட்டில், பட்டம் கையில் வராத நிலையில், பட்டம் தரவேண்டிய ஆளிடமே! பாட்டி ஒன்று சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா "அதெல்லாம் எழுதாதே, நம்ம வீட்டு வழக்கம் அப்படி இல்லை" என்று குறுக்கே விழும்போது இந்தக் கதை ஞாபகம் வந்தால் போதும். பெரியப்பா சொன்னதையும் எழுதுங்கள், ஆனால் பாட்டி சொன்னதை அடிக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் சில வருடம் மாமனார் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகத்தில் பதிவாளர் வேலை, 1939இலிருந்து புனே டெக்கான் கல்லூரியில் சமூகவியல். கடைசிவரை அங்கேதான். உடல் அளவு எடுக்கும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பஸ், ரயில் என்று ஊர் ஊராகப் போனார். 1953இல் இந்தியாவின் உறவுமுறை அமைப்பைப் பற்றிய பெரிய புத்தகம் வந்தது. நாம் செய்யப்போகும் வேலைக்கு அதுதான் ஆதாரம். 1970 ஆகஸ்ட் 11இல் இறந்தார்.

யாரிடம் உட்காருவது

வீட்டில் மூத்த பெண்மணியிடம், அதுவும் முடிந்தால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவரிடம். ஆண்களைக் கேட்டால் பங்காளிகளும் நிலமும் வரும், எந்தத் தோப்பு யார் பாகத்துக்குப் போனது என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். பெண் எங்கிருந்து எடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள், எந்த வீட்டோடு ஏன் பேச்சு வார்த்தை நின்றது என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கும்.

கடலை உரிக்கும்போதோ புளியில் கொட்டை எடுக்கும்போதோ போய் நீங்களும் ஒரு கை போடுங்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகப் பேசும். நோட்டோடு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வந்திருப்பது கணக்கெடுப்புக்காரரா என்று தோன்றி, ஒற்றை வரியில் பதில் வரும்.

"உங்க உறவுமுறை வழக்கம் என்ன பாட்டி?" என்று கேட்கவே கேட்காதீர்கள். பாவம், என்ன சொல்வார்? நடந்ததைக் கேளுங்கள். உங்கள் கல்யாணத்தில் இணைச்சீர், அதாவது மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்யும் சீர், செய்தது யார்? நீங்கள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது, வண்டியிலா நடந்தா? முதல் பிள்ளைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைத்தீர்கள்? அந்த மாமன் வராமல் போயிருந்தால் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். ஆள் இல்லாதபோது அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் முறை பிடிபடும். கார்வேகூட வழக்கம் என்ன என்று கேட்பதோடு நின்றுவிடவில்லை. கல்யாணப் பாட்டு, பழமொழி, வசவு, பழைய இலக்கியம் என்று உறவு எங்கெல்லாம் வெளிப்படுகிறதோ அங்கெல்லாம் பொறுக்கியிருக்கிறார். நலுங்குப் பாட்டில் சம்பந்தி வீட்டைக் கிண்டல் செய்யும் வரிகள் பாட்டிக்குத் தெரிந்தால் விடாதீர்கள், பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் எடுத்துவிட்டுப் பிறகு சம்மதம் கேட்பது அசிங்கம்.

படம் போடுவது

ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். கல்யாணத்துக்கு நடுவில் சமக்குறி, பிள்ளைகளுக்குக் கீழே கோடு, உடன்பிறந்தவர்களுக்கு மேலே ஒரு படுக்கைக் கோடு. இறந்தவர்மீது குறுக்கே ஒரு கீற்று. இவ்வளவுதான் குறியீடு. வம்சாவளியைப் படமாக்கி அதிலிருந்து ஒரு சமூகத்தைப் படிக்கும் முறையைப் பெரிதாகப் பயன்படுத்தியவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரியில் தோடர்களிடம் இருந்து பார்த்து 1906இல் புத்தகம் போட்டார். நமக்கு மேலே தெரிகிற மலையில் நடந்த வேலை.

நோட்டை அகலவாக்கில் திருப்பி, நடுவில் பாட்டியைப் போடுங்கள். உங்களைப் போடாதீர்கள். எல்லோரும் செய்யும் முதல் காரியம் தன்னை நடுவில் வைப்பது, அப்புறம் பாட்டியின் தங்கை வீட்டுக்குப் போவதற்குள் தாள் தீர்ந்துவிடும். பெயர், பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், இந்த மூன்றும் ஒவ்வொரு வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் கீழே வேண்டும். வருடம் தெரியாவிட்டால் அடையாளம் போதும்: கேரளம் உண்டாவதற்கு முன், அணை கட்டும்போது, பெரிய மழை வந்த வருடம் என்று. 1956 நவம்பர் 1 நல்ல அடையாளம், ஏனென்றால் அதற்கு முன் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்யம் (1949இலிருந்து திருவிதாங்கூர்-கொச்சி), பாலக்காடு மலபார் மாவட்டம், பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டம். பின்னிரண்டும் சென்னை மாகாணத்தில். சித்தூர்ப் பெண் பொள்ளாச்சிக்கு வாக்கப்பட்டுப் போனாலே ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன கணக்கு, ஆனால் பாட்டியைக் கேட்டால் "பக்கம்தானே, சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம்" என்பார்.

அடுத்து, கூப்பிடும் சொற்கள். இதற்கு இரண்டு பத்தி போடுங்கள். முகத்துக்கு நேராக எப்படிக் கூப்பிடுவது, அடுத்தவரிடம் சொல்லும்போது எப்படிச் சொல்வது. இரண்டும் ஒன்றாக இருக்காது. கொழுந்தனாரை நேரில் கூப்பிடவே மாட்டேன், பிள்ளை பெயரைச் சொல்லி அவங்க சித்தப்பா என்பேன் என்று சொல்லும் பாட்டிகள் உண்டு. அதை அப்படியே எழுதுங்கள், கூப்பிடாமல் இருப்பதும் ஒரு தகவல். கொங்குத் தமிழ் வீட்டில் அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்மாயி, நங்கையா என்று வரும். அம்மாயி நமக்கு அம்மாவைப் பெற்றவள். பக்கத்து மலையாள வீட்டில் அதே அம்மாயி அம்மாவின் சகோதரன் மனைவி. புதுநகரம் பக்கத்து ராவுத்தர் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள். அதனால் சொல்லை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள், படத்தில் எந்த வட்டத்துக்கு அந்தச் சொல் என்று கோடு இழுத்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நோட்டைப் பார்க்கும்போது உங்களுக்கே தலை சுற்றும்.

அக்கா மகள் இருக்கும் இடம்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். கார்வே இந்தியாவை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என்று நான்கு உறவு மண்டலங்களாகப் பிரித்தார். வடக்கில் சொந்தத்தில் கட்டக்கூடாது, பல இடங்களில் சொந்த ஊரிலேயே கட்டக்கூடாது. கல்யாணப் பெண் முன்பின் தெரியாத வீட்டுக்கு முக்காடு போட்டுக்கொண்டு போகிறாள். பிறந்த வீட்டில் மகளாகத் திரிந்ததும், புகுந்த வீட்டில் மருமகளாக அடங்கி இருப்பதும் இரண்டு வேறு பிறவி மாதிரி. அவருடைய மகாராஷ்டிரம் நடு மண்டலம். அங்கே பல சாதிகளில் மாமன் மகளைக் கட்டலாம், ஆனால் அத்தை மகள் என்றால் முகம் சுளிப்பார்கள். தெற்கே வந்தால் மாமன் மகள், அத்தை மகள், பல சாதிகளில் அக்கா மகளும்கூட. பெண் போகிற வீடு அவள் சின்ன வயதிலிருந்து முழுப்பரீட்சை லீவுக்குப் போய் மாங்காய் தின்ற வீடு. மாமியார் கொடுமை இல்லை என்று நான் சொல்லவில்லை, அது வேறு ருசியில் இருக்கும் என்கிறேன்.

தெற்கில் அவர் பிடித்த ஒரு விஷயம், நம் சொந்தங்கள் தலைமுறை தலைமுறையாக அடுக்கப்படுவதைவிட, என்னைவிட மூத்தவர், என்னைவிட இளையவர் என்று அடுக்கப்படுவதுதான். தம்முன், தம்பின் என்ற தமிழ்ச் சொற்களையே அதற்குக் காட்டுகிறார். அக்கா மகளைக் கட்டலாம், தங்கை மகளைக் கட்டக்கூடாது என்று இருக்கும் வீடுகளில் இதைச் சோதித்துப் பாருங்கள். தலைமுறைக் கணக்கில் இருவரும் ஒரே படிதான், பிறகு ஏன் ஒருத்தி ஆகும், ஒருத்தி ஆகாது? பாட்டியிடம் கேட்டால் "தங்கச்சி புள்ள நம்ம புள்ள மாதிரி" என்பார் சிலர், "அப்படியெல்லாம் வழக்கமில்லை சாமி" என்று முடிப்பார் சிலர். எது வந்தாலும் அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள்.

அக்கா மகளைக் கட்டிய ஜோடி உங்கள் படத்தில் ஒன்று இருந்தால், அதற்கு மட்டும் தனித் தாள் எடுத்துப் பெரிதாக வரையுங்கள். அவருக்கு அக்காவே மாமியார். அவர் பிள்ளைகளுக்கு அம்மாவைப் பெற்ற அம்மாயியும் அப்பாவின் கூடப்பிறந்த அத்தையும் ஒரே ஆள். கோடு போடும்போது ஒரு தலைமுறையிலிருந்து மேலே போன கோடு சுற்றிக்கொண்டு வந்து அதே வட்டத்தில் முட்டும். இப்போது அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். பெரியவன் ஒன்று சொல்வான், சின்னவள் இன்னொன்று சொல்வாள், அவர்களுக்குள் சண்டைகூட வரும். அந்தச் சண்டையையும் எழுதுங்கள்.

ஒன்று: எல்லாச் சாதியிலும் இது ஒன்றுபோல இல்லை. ஒரே தெருவில் ஒரு சாதியில் அக்கா மகள் உரிமை, அடுத்த சாதியில் நினைத்துப் பார்க்கக்கூடாத காரியம். 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டம்கூட நெருங்கிய உறவுகளைத் தடைசெய்துவிட்டு, வழக்கம் இருந்தால் ஆகலாம் என்று விட்டுவைத்திருக்கிறது. அதனால் "தமிழர்களில்" என்று வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன வீடு என்று எழுதினால் போதும்.

வேலிக்கு அந்தப் பக்கம்

உங்களுக்கு நெருக்கமான ஒரு நாயர் வீட்டில், வயதானவர் ஒருவர் இருந்தால், அனுமதி கேட்டு அதே படத்தை அங்கேயும் போடுங்கள். மருமக்கத்தாயம் இருந்த காலத்தில் தறவாட்டுச் சொத்து, அதாவது கூட்டுக்குடும்பச் சொத்து, பெண்வழியாகத்தான் இறங்கியது. பிள்ளைகள் அம்மாவின் தறவாட்டுக்குச் சொந்தம், அதைக் கட்டி ஆண்டது அம்மாவன், அதாவது தாய்மாமன், காரணவர் என்ற ஸ்தானத்தில். இப்போது நம் படத்தையும் அவர்கள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய்மாமன் இரண்டிலும் பெரிய மனிதர். ஆனால் அக்கா மகள்? நம்மிடம் சில வீடுகளில் அவள் மாமனுக்கு முறைப்பெண். அங்கே அவள் மாமனின் தறவாட்டுக்காரி, அதே ரத்தம், தறவாடு தொடர்வதே அவள் வயிற்றில். கட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முறைப்பெண் என்று அவர்களிடமும் உண்டு, ஆனால் அது மாமன் மகள், அத்தை மகளோடு நின்றுவிடும். ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் உரிமையாக இருப்பது அந்தப் பக்கம் மகாபாவமாக இருப்பதற்குக் காரணம் யாருடைய குணமும் அல்ல, வாரிசு எந்த வழியில் இறங்குகிறது என்பதுதான். கார்வே தெற்கு மண்டலம் என்று ஒரே பெட்டி போட்டாலும் உள்ளே கேரளத்தைத் தனியாக எடுத்துப் பேசியது இதனால்தான்.

கேட்கும்போது காலத்தையும் கேளுங்கள். மலபார்ப் பக்கத்துக்கு 1933இல் மருமக்கத்தாயச் சட்டம் வந்து பாகம் பிரிக்க வழி செய்தது; கடைசியில் 1975இல் கேரளம் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்துச் சட்டம் போட்டது. அதனால் இன்றைக்கு எண்பது வயதுக்காரர் சொல்வதில் பாதி அவர் பார்த்தது, பாதி அவர் அம்மா சொன்னது. எது எது என்று பிரித்துக் குறியுங்கள்.

நாகர்கோவில் பக்கத்து எல்லைக்காரர்களுக்கு அந்த வேலி வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் தமிழ் பேசிக்கொண்டே மருமக்கள் வழியில் வாழ்ந்தவர்கள். சொந்த மகனை விட்டுவிட்டு மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, சொத்துப் போனதைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' பாடி நக்கலடித்தார். 1926இல் திருவிதாங்கூர் சட்டம் வந்துதான் அது மாறியது. அந்தப் பக்கம் பாட்டி யாராவது கிடைத்தால், விடாதீர்கள். ஆந்திரச் சித்தூர், வேலூர், திருத்தணி என்று ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. தெலுங்கு வீடுகளிலும் மேனரிகம் என்று மாமன் மகள், அத்தை மகள் உண்டு, அக்கா மகளும் உண்டு. சொற்கள் மாறும், படம் பெரும்பாலும் நம் படம் மாதிரியே வரும்.

மொய் நோட்டு

பரணில் பழைய மொய் நோட்டு இருந்தால் அதைவிடப் பெரிய பொக்கிஷம் இந்த வேலைக்கு இல்லை. எங்கள் வீட்டு நோட்டு ஒன்று, ஓரம் செல்லரித்தது, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, லாபம் என்று தலைப்பு. பிறகு தாய்மாமன் பெயர், ஊர், அவர் போட்டது. வேட்டி, புடவை, வெள்ளிக் கொலுசு, ரொக்கம். அடுத்து சம்பந்தி வீட்டார், பங்காளிகள், மாமன் மச்சான்கள், ஊர்ப் பொது, கடைசியில் வேலைக்கு வருகிறவர்கள் ஒரு ரூபாய், அரை ரூபாய், இரண்டு தேங்காய் என்று. எழுதியவர் யாரோ, வரிசை மட்டும் மாறவில்லை. அந்த வரிசையே உறவின் படிக்கட்டு. தொகையைக் கூட்டிப் பார்ப்பதைவிட யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்று பாருங்கள்.

அப்புறம் ஊர்களை மட்டும் தனியாக எழுதி, ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். எங்கள் நோட்டில் உடுமலை, பொள்ளாச்சி, ஆனைமலை, கொல்லங்கோடு வரை புள்ளி போகிறது, பாலக்காட்டு நகரத்துக்குள் ஒன்றுகூட இல்லை. நமக்கு ஆஸ்பத்திரி பாலக்காடு, தாலுகா ஆபீஸ் சித்தூர், ரேஷன் கேரளம், சம்பந்தம் பெரும்பாலும் கிழக்கே! சாதி என்பது விரிந்த உறவு வட்டம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லைதான் அதன் எல்லை என்பது கார்வேயின் வாதம். குயவர் என்று எல்லோரையும் ஒரே பெயரில் சொன்னாலும், அதற்குள்ளே கொள்வினை கொடுப்பினை இல்லாத பல கூட்டங்கள் தனித்தனியாக இருந்ததை மகாராஷ்டிரத்தில் காட்டினார். அவருடைய குரு குர்யே, பெரிய சாதிகள் உடைந்து சிறியவை உண்டாயின என்றார். இவர் தலைகீழாக, சிறிய கூட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில் பெரிய பெயர் உண்டானது என்றார். குருவையே மறுத்துப் பேசுகிற துணிச்சல் பெர்லினிலேயே வந்துவிட்டது போல. உங்கள் புள்ளி வரைபடம் யார் பக்கம் சாட்சி சொல்கிறது என்று பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகைகளும் உதவும். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே யார் பெயர், எந்த வரிசையில். எந்த வருடத்திலிருந்து பெண்கள் பெயரும் அச்சாக ஆரம்பித்தது. எப்போது சாதிப் பட்டம் காணாமல் போனது, எப்போது திரும்பி வந்தது. ரேஷன் கார்டில் மட்டும் ஏமாறாதீர்கள். 2013ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மூத்த பெண்ணைத்தான் குடும்பத் தலைவி என்று போடுகிறார்கள். அதை வைத்து உங்கள் வீடு பெண்வழி வீடு என்று எழுதிவிட வேண்டாம்.

கூட நடப்பது

நோட்டில் வராத விஷயங்கள் உண்டு. கார்வே ஒருமுறை பண்டரிபுரத்துக்குப் பாதயாத்திரை போகும் வார்க்கரிகளோடு நடந்துபோய் ஒரு கட்டுரை எழுதினார். பகல் முழுக்க பிராமணரும் மராத்தரும் ஒரே கூட்டமாக ஞானேஸ்வரரையும் துக்காராமையும் பாடிக்கொண்டு போகிறார்கள், சாப்பாட்டு நேரம் வந்தால் அடுப்பு தனித்தனி. அதைப் பார்த்து மனம் கசந்ததையும் எழுதினார், கூட நடந்தவர்களின் அன்பையும் எழுதினார், எதையும் மறைக்கவில்லை.

நமக்குத் தைப்பூசத்துக்குப் பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி போகும் கூட்டம் இருக்கிறது, மலையாளிகளும் தமிழர்களும் கலந்து. காவடியோடு நடந்து பாருங்கள். பந்தலில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் வீட்டுச் சோற்றுப் பொட்டலம் யாரிடம் போகிறது, இரவு படுக்கும்போது எந்தக் கூட்டம் எந்த மூலை. அங்கே நோட்டை எடுக்காதீர்கள், ராத்திரி எழுதிக்கொள்ளலாம்.

எதை விடுவது

கார்வே செய்ததெல்லாம் செய்ய வேண்டியதில்லை. தலை, மூக்கு, உயரம் அளந்து சாதிகளை ஒப்பிடும் வேலையைக் கடைசிவரை விடாமல் செய்தார். மண்டையோட்டுக் கதையில் அவ்வளவு தெளிவாக இருந்தவர் இதை ஏன் விடவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதே போல, நடப்பில் உள்ள வழக்கத்தை விளக்க அடிக்கடி சமஸ்கிருத நூல்களுக்குப் போய்விடுவார். நம் ஊர்ச் சங்கதிக்கு அது பெரிதாக உதவாது.

எழுத்தில் மட்டும் அவரைப் பின்பற்றலாம். ஆய்வை ஆங்கிலத்தில் எழுதினாலும், வீட்டில் இருப்பவர்களுக்காக மராட்டியில் எழுதினார். மகாபாரத மனிதர்களைப் பற்றி 1967இல் வந்த 'யுகாந்த' அப்படி வந்ததுதான், சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. குந்தி, காந்தாரி, திரௌபதி எல்லோரும் அதில் தெய்வாம்சம் இல்லாமல், ஒரு பெரிய குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்து மாட்டிக்கொண்ட பெண்களாக வருகிறார்கள். உறவுப் படம் போட்டுப் பழகியவர் பாரதம் படித்தால் அப்படித்தான் படிப்பார். புத்தகம் படிக்க ஆசை வந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், தமிழிலும் வந்திருக்கிறது. அப்புறம் அந்தப் பாதயாத்திரைக் கட்டுரை. உறவுமுறைப் புத்தகத்தைக் கடைசியில், அதுவும் தெற்கு மண்டல அத்தியாயத்தை மட்டும், உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவர் சொல்வதில் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லையோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள்.

படத்தில் சில கோடுகள் முடியாமல் நிற்கும். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட அத்தை, சாதி மாறிக் கட்டியதால் பெயரே எடுக்கக்கூடாது என்று வைத்திருக்கும் சித்தப்பா, வெளியே சொல்லாத சாவு. பாட்டி தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். சொன்னாலும் வட்டம் அல்லது முக்கோணம் மட்டும் போட்டுவிட்டுப் பெயர் எழுதாமல் விடுங்கள். ஆள் படத்தில் இருக்கட்டும். முடிந்த படத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாட்டியிடம் கொடுங்கள், பெரும்பாலும் மறுநாளே கூப்பிட்டு, இங்கே ஒருத்தியை விட்டுட்டே என்பார். இணையத்தில் போடுவதாக இருந்தால் உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, எழுத்து அடையாளம் மட்டும் போட்டு ஏற்றுங்கள். அதைப் பார்த்துவிட்டு வரன் கேட்டு வருகிற தரகர்களிடம் மாட்டினால் அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது.